பிள்ளையை அனுப்புகிறவர் கையில் ஓட்டு

காயல்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறையோ ஆய்வகமோ வேண்டும் என்று எடுத்துச் சொன்னால் உதவி வந்து சேரும். அது ஊருக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகே, முத்து வணிகம் நடந்த காலத்திலிருந்தே கடல் கடந்து பிழைத்த ஊர் இது. இன்று ஹாங்காங், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பரந்து கிடக்கும் காயலர்கள், போன இடமெல்லாம் நல மன்றங்களை அமைத்திருக்கிறார்கள். சந்தாவும் நன்கொடையும் திரட்டி மருத்துவத்துக்கும் படிப்புக்கும் ஊருக்கு அனுப்புகிறார்கள். கல்வி உதவித்தொகைகளை ஒருங்கிணைக்க இக்ரா கல்விச் சங்கம் இருக்கிறது. எல்.கே. மேல்நிலைப்பள்ளி, சென்ட்ரல் மேல்நிலைப்பள்ளி, பெண்களுக்கான சுபைதா மேல்நிலைப்பள்ளி என்று ஊர் மக்களின் முயற்சியால் வளர்ந்த பள்ளிகள் இருக்கின்றன. அவற்றோடு அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பல ஊர்கள் ஏங்கும் செல்வம் இது.

இந்தக் கொடைக்குணத்தில் குறை காண எதுவும் இல்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு நவீன வகுப்பறை தேவையா, நான்கு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் முதலில் தேவையா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? நன்கொடையாளர் தாம் படித்த பள்ளிக்குக் கொடுக்கிறார், அது இயல்பு. அரசு மாவட்டத் தலைநகரிலிருந்து ஒதுக்கீடு செய்கிறது. அது அதன் வேலை. நகர்மன்ற உறுப்பினர் தம் வார்டுக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிறார். அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் எல்லாப் பள்ளிகளையும் ஒருசேரப் பார்த்து, அங்கே பிள்ளைகளை அனுப்பும் தாய்தகப்பன்மார் சார்பில் முடிவெடுக்கும் அமைப்பு ஒன்றுகூட இல்லை. அப்படியொரு அமைப்பு வேண்டும். அதில் பணம் கொடுத்ததால் ஒருவருக்கு இடம் கிடைக்கக் கூடாது, பிள்ளையை அனுப்புவதால் கிடைக்க வேண்டும். ஊரின் பெரும்பான்மை எல்லா இடங்களையும் வாரிக்கொள்ளாதபடி அதன் தேர்தல் முறையும் அமைய வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

இப்போது பெற்றோருக்கு இருக்கும் இடம்

பெற்றோருக்குக் குரலே இல்லை என்று சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் குழுவின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022இல் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் 20 உறுப்பினர்களோடு புதிதாக அமைக்கப்பட்டன. 15 பேர் பெற்றோர். தலைமை ஆசிரியர், ஆசிரியர் பிரதிநிதி, உள்ளாட்சி உறுப்பினர்கள், கல்வியில் அக்கறை உள்ள ஒருவர் ஆகியோர் மீதி இடங்களில். 2024இல் உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆக உயர்ந்தது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் இந்தக் குழுவின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அடிப்படைக் குறை தெரியும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. 100க்கு மேல் 250க்குள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மாதக் கணக்கில் பிரித்தால் 4,200 ரூபாய்கூடத் தேறாது. சுண்ணக்கட்டி, பதிவேடு, உடைந்த குழாய், ஓடாத மின்விசிறி என்று எண்ணத் தொடங்கினாலே பணம் தீர்ந்துவிடும். பிறகு முடிவெடுக்க என்ன மிச்சம்? உதவிபெறும் பள்ளிகளில் நிலைமை இன்னும் மெலிந்தது. 2012இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். காயல்பட்டினம் போன்ற ஊரில் ஏராளமான பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குழுவும் தன் சுற்றுச்சுவரோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த மீனவர் குடியிருப்புச் சிறுமி அடுத்து எந்தப் பள்ளிக்கு, எப்படிப் போவாள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியரை எந்தெந்தப் பள்ளிகள் பகிர்ந்துகொள்வது என்பன ஊர் அளவிலான கேள்விகள். அவற்றைக் கேட்கும் இடம் எந்தக் குழுவிலும் இல்லை.

ஊரிலிருந்து விலகிப்போன பள்ளி

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் மதராஸ் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டங்களில் கல்விக் கவுன்சில்களை உருவாக்கியது; உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் கல்வி வரி விதிக்கவும் வழிசெய்தது. அதே காலத்தில்தான், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்து மாநிலத் திட்டமாக வளர்த்த மதிய உணவுக்கு அது முன்னோடி. பசித்த பிள்ளை படிக்காது என்பதை முதலில் உணர்ந்து செயல்பட்டது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு உள்ளாட்சி. அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது மாநில அரசு. பள்ளி நிர்வாகத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் பள்ளிகள் படிப்படியாக ஊரின் கையிலிருந்து அரசுத் துறையின் கைக்குப் போயின. ஜில்லா போர்டுகள் ஒழிந்தன. ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியருக்கு நேரத்துக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. உள்ளூர் அதிகாரம் உள்ளவர்களின் கோபதாபங்களிலிருந்து விடுதலையும் கிடைத்தது. அது நியாயமான மாற்றம். ஆனால் சம்பளத்தோடு சேர்ந்து மற்றெல்லா முடிவுகளும் மேலே போய்விட்டன. பள்ளிப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றிய’ என்ற பெயர் மட்டும் நின்றது. நகராட்சிகளின் நிலை இன்னும் விசித்திரமானது. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணை, ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க பொருள்களில் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வியைச் சேர்த்திருக்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலோ பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பது என்ற பொதுவான வரி மட்டுமே. காயல்பட்டினம் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர். பள்ளியைப் பொறுத்தவரை சாசனம் ஒரு நகரத்துக்குக் கொடுக்கும் பிடி, கிராமத்துக்குக் கொடுப்பதைவிடத் தளர்வானது. ஆனாலும் தமிழ்நாட்டு நகராட்சிகளின் கணக்கேட்டில் ‘தொடக்கக் கல்வி நிதி’ என்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஊர் மக்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. அதில் எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்குப் போனது என்று கேட்கும் பொறுப்பும் எந்தப் பெற்றோருக்கும் தரப்படவில்லை.

எல்லாம் மேலிருந்து வரும்போது மேலே நடக்கும் சண்டையும் கீழே வரும். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத நிலையில், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்குரிய ஒன்றிய அரசின் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. அந்தத் தகராறில் எந்தப் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். எந்தப் பக்கம் நின்றாலும், பள்ளியின் வரவுசெலவில் ஊர்ப் பெற்றோருக்குப் பங்கில்லாததால் அவர்களால் வேடிக்கை மட்டுமே பார்க்க முடிந்தது என்பது உண்மை. உள்ளாட்சியை நம்பலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. 2011இல் தேர்வான நகர்மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தமிழ்நாட்டு நகரங்கள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. ஒரு பிள்ளையின் தொடக்கக் கல்வி முழுவதும் ஐந்து ஆண்டுதான். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடிக்கும் அளவு காலத்துக்கு ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம் இல்லை.

சொத்துக்கு ஓட்டா, பிள்ளைக்கு ஓட்டா

மக்களின் சார்பில் பேசும் உரிமையை எதை வைத்துக் கொடுப்பது என்பது நம் வட்டாரத்துக்குப் புதிய கேள்வி அல்ல. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம் என்று அது விதிக்கிறது: நிலத்தில் பங்கு வேண்டும், கல்வித் தகுதி வேண்டும், நன்னடத்தை வேண்டும். எந்தத் தீர்மானம் வந்தாலும் மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் உண்டு. விதிகளில் இருக்கும் ஒழுங்கு வியக்க வைக்கிறது. ஆனால் நிலமில்லாத உழவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. சொத்தை வைத்துக் குரலைத் தீர்மானித்த சபை அது. இன்று ஒரு பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்பதில் நன்கொடையாளரின் சொல் பெற்றோரின் சொல்லைவிட எடை கூடினால், மானூர்ச் சபையின் அளவுகோலுக்கே நாம் திரும்புகிறோம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்க அழைக்கிறது. நல்ல திட்டம். கொடுப்பதற்கு வாசல் திறந்ததைப் போல, கொடுத்ததை எங்கே செலவிடுவது என்று சொல்லும் உரிமையைப் பெற்றோருக்குத் திறக்கும் வாசலும் வேண்டும்.

காயல்பட்டினத்தில் பிள்ளையை வைத்துக் குரல் கொடுப்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40,000 மக்கள் வாழ்ந்த இந்த நகரத்தில் ஆண்களைவிடப் பெண்கள் தெளிவாக அதிகம். ஆண்கள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் வேலை செய்கிறார்கள். முஸ்லிம் குடும்பங்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு, படிப்பைக் கவனிப்பது தாயும் பாட்டியும். பிள்ளைக்கு எந்தப் பாடம் ஏறவில்லை, எந்த ஆசிரியர் விடுப்பில் போய் மூன்று மாதமாயிற்று, மழைக்காலத்தில் எந்த வகுப்பறை ஒழுகுகிறது என்பது இவர்களுக்குத் தெரியும். பொது அமைப்புகளின் மேடைகளிலும் நன்கொடைப் பட்டியல்களிலும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே வருகின்றன. பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் பெற்றோர் என்பதையே வாக்குரிமைக்கு அடிப்படையாக்கி, நேரில் வந்து போடும் வாக்கையே கணக்கில் எடுத்தால், ஊரில் இருக்கும் தாய்மார்கள் தாமாகவே பெரும்பான்மை வாக்காளர்கள் ஆவார்கள். தனி இடஒதுக்கீடுகூடத் தேவைப்படாது. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே கூலிவேலை செய்பவரின் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்காது. ஆனால் அவர் பிள்ளையின் பெயர் ‘எமிஸ்’ எனும் கல்வித் துறையின் மாணவர் பதிவில் இருக்கும். அந்தப் பதிவே வாக்காளர் பட்டியல் ஆகலாம்.

சிறுபான்மையையும் எண்ணும் தேர்தல்

வாக்குரிமை மட்டும் போதாது. வாக்கை எண்ணும் முறையும் முக்கியம். காயல்பட்டினத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. கொம்புத்துறை போன்ற கடற்கரைக் குடியிருப்புகளில் மீனவக் கிறிஸ்தவர்களும், பல தெருக்களில் இந்துக் குடும்பங்களும் வாழ்கிறார்கள். முஸ்லிம்களுக்குள்ளும் வசதி உள்ளவர், இல்லாதவர் உண்டு. வழக்கமான தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய அணி எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளும். வார்டு வாரியாக நடத்தினால் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்பவர்களுக்கு ஓர் இடம் கிடைக்கலாம். ஆனால் ஊர் முழுக்கச் சிதறியிருப்பவர்கள் எந்த வார்டிலும் ஜெயிக்க முடியாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோரும் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அப்படிப்பட்டவர்கள்.

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்து 1870லேயே ஒரு விடை கண்டது. அந்த ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் ஊர்களில் பள்ளி வாரியங்களை உருவாக்கியது. எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றைப் பலருக்குப் பிரித்துப் போடலாம், எல்லாவற்றையும் ஒருவருக்கே குவித்தும் போடலாம். இதனால் சிறிய சமயப் பிரிவுகளும் தொழிலாளர் குழுக்களும் வாரியங்களுக்குள் வந்தன. பெண்களும் போட்டியிட முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை இங்கிலாந்துப் பெண்களுக்கு 1918இல்தான் வந்தது. ஆனால் 1870 லண்டன் வாரியத் தேர்தலிலேயே எலிசபெத் காரெட் என்ற பெண் மருத்துவர் மிக அதிக வாக்குகளோடு வென்றார். நம்மிடமும் இப்படிப்பட்ட முறைகள் அந்நியமானவை அல்ல. மாநிலங்களவைத் தேர்தல் விருப்ப வரிசை வாக்கில் நடக்கிறது. 1986இல் கலைக்கப்படும்வரை தமிழ்நாடு சட்ட மேலவையில் ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஊரில் 1,200 பெற்றோர் வாக்களித்து 11 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 11 வாக்கு. ஏதோ ஒரு பிரிவைச் சேர்ந்த 101 பெற்றோர் தங்கள் எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்தால் அவருக்கு 1,111 வாக்கு. மீதி 1,099 பேர் எவ்வளவு திட்டமிட்டுப் பிரித்துப் போட்டாலும் 11 வேட்பாளருக்கும் தலைக்கு 1,099க்கு மேல் கொடுக்க முடியாது. ஆகவே அந்த 101 பேரின் பிரதிநிதி உறுதியாக வெல்வார். யாருக்கும் தனி ஒதுக்கீடு இல்லை. யாருடைய சமயத்தையும் சாதியையும் பதிவேட்டில் எழுத வேண்டியதும் இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுசேர்ந்தால் அவர்களுக்கும் இதே வாய்ப்பு. தங்களை எந்தப் பிரிவாகக் கருதுவது என்பதை வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். இந்த முறையின் பெரும் சிறப்பு இதுவே.

மன்றமும் நிதியும்

நான் முன்வைக்கும் அமைப்பு எளியது. ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுவும் அப்படியே தொடரட்டும். அவற்றுக்கு மேலே நகர அளவில் ஒரு பள்ளி மன்றம். குவித்துப் போடும் வாக்கு முறையில் 11 பெற்றோர், ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கும் 2 ஆசிரியர்கள், நகர்மன்றத்தின் 2 உறுப்பினர்கள். நல மன்றங்களின் பிரதிநிதி ஒருவர் பேசலாம், கேட்கலாம். வாக்கு மட்டும் கிடையாது. அரசுப் பள்ளிப் பெற்றோருக்கும் உதவிபெறும் பள்ளிப் பெற்றோருக்கும் வாக்குண்டு. இந்த மன்றத்தின் கையில் ஓர் ஊர்க் கல்வி நிதி. நகராட்சியின் தொடக்கக் கல்வி நிதியில் ஒரு பங்கும், ஏதாவது ஒரு பள்ளிக்கென்று வரும் பெரிய நன்கொடைகளில் ஒரு சிறு பங்கும், பொதுவாக வரும் கொடையும் அதில் சேரும். கட்டடப் பழுது, குடிநீர், கழிப்பறை, போக்குவரத்து, நூலகம், சிறப்பு ஆசிரியருக்கான வசதிகள் ஆகியவற்றுக்கு ஊர் அளவில் முன்னுரிமைப் பட்டியல் போட்டு அது செலவிடும். ஆசிரியர் சம்பளம் முழுக்க மாநில அரசின் பொறுப்பிலேயே இருக்கும். கேரளம் 1990களின் நடுவில் பள்ளிகளை உள்ளாட்சிகளுக்கு ஒப்படைத்தபோது இதே கோட்டைத்தான் கிழித்தது: கட்டடமும் பராமரிப்பும் ஊராட்சிக்கு, சம்பளம் மாநிலத்துக்கு. அங்கே அரசுப் பள்ளிகள் உயிரோடு இருப்பதற்கு அது ஒரு காரணம்.

சம்பளத்தை ஊர் நிதியில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. அங்கே பள்ளி வருமானத்தின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழை வட்டாரம் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. குறைந்த விகிதத்தில் வரி கட்டிய பணக்கார அலமோ ஹைட்ஸ் 333 டாலர் திரட்டியது. 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதில் தலையிட மறுத்தது. தாமிரபரணிக் கரையிலும் இது நடக்கலாம். காயல்பட்டினத்துக்கு ஹாங்காங்கில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆற்றின் மேற்பகுதியில், வாழையும் நெல்லும் விளையும் எத்தனையோ கிராமங்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே ஊர்க் கல்வி நிதிக்கு மாநில அரசு தரும் இணைப் பங்கு தலைகீழாக இருக்க வேண்டும்: தானே அதிகம் திரட்டும் ஊருக்குக் குறைவாக, திரட்ட வழியில்லாத ஊருக்கு அதிகமாக. ஊருக்கு அதிகாரம், ஊர்களுக்கிடையே சமத்துவம் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமாகும்.

எதிர்ப்புகளுக்குப் பதில்

முதல் எதிர்ப்பு, பள்ளிக்குள் அரசியல் வந்துவிடும், ஊழல் வரும் என்பது. இதற்கு வலுவான சான்றும் உண்டு. நியூயார்க் நகரில் 1970 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகப் பள்ளி வாரியங்கள் விருப்ப வரிசை வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டன. குடியுரிமை இல்லாத பெற்றோர்களும் வாக்களிக்க முடிந்தது. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் பல தேர்தல்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. சில வாரியங்களில் வேலைகள் வேண்டியவர்களுக்குப் பங்கிடப்பட்டன. 1996இல் அவற்றின் நியமன அதிகாரம் பறிக்கப்பட்டது. 2002இல் வாரியங்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. நாம் இதிலிருந்து கற்க வேண்டியது தெளிவு: இப்படிப்பட்ட மன்றத்தின் கையில் வேலை வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது. 2022இல் தமிழ்நாட்டில் 13,331 ஆசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்ததும், வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்ற அச்சத்தில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த அச்சம் நியாயமானது. நியமனம் ஆசிரியர் தேர்வு வாரியத்திடமே இருக்கட்டும். மன்றம் காலியிடத்தைச் சுட்டிக்காட்டும், நிரப்பும்படி வற்புறுத்தும், ஆளைத் தேர்ந்தெடுக்காது. வாக்குப்பதிவு குறைவதற்கும் வழி உண்டு. தேர்வு மதிப்பெண் அட்டை வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளிலேயே, அந்தப் பள்ளியிலேயே வாக்குப்பெட்டி வைத்தால் தனியாக ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு சிறுபான்மையினர் உரிமை பற்றியது. தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. அதில் கைவைக்க யாருக்கும் அதிகாரமில்லை, வைக்கவும் கூடாது. இந்த மன்றம் எந்தப் பள்ளியின் நிர்வாகத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஊரின் பொது நிதியை எங்கே செலவிடுவது என்று மட்டுமே தீர்மானிக்கும். பொது நிதி வேண்டும் என்று கேட்கும் பள்ளி தன் தேவையை ஊர்ப் பெற்றோர் முன் வைக்க வேண்டும், வாங்கியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவே. நன்கொடை தருபவர்கள் விலகிவிடுவார்கள் என்ற கவலையும் இதோடு சேர்ந்தே எழும். காயலர்களின் நல மன்றங்கள் ஊரை நம்பியே கொடுக்கின்றன. கொடுத்த பணம் எந்தப் பிள்ளைக்கு, எந்தச் சுவருக்கு, எந்தக் குழாய்க்குப் போனது என்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே ஆண்டுதோறும் வெளியிட்டால் அந்த நம்பிக்கை வளரும்.

மூன்றாவது எதிர்ப்பு, படிக்காத பெற்றோருக்குப் பள்ளி நிர்வாகம் தெரியுமா என்பது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்காக அதன் மாநில அரசு 1988இல் சட்டம் போட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் 6 பெற்றோர், 2 ஊர்க்காரர், 2 ஆசிரியர், முதல்வர் கொண்ட உள்ளூர்ப் பள்ளிக் கவுன்சில்களை உருவாக்கியது. முதல்வரை நியமிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. எல்லாப் பள்ளிகளும் உயரவில்லை. பல தேங்கியும் நின்றன. ஆனால் ஏழை வட்டாரங்களில்கூடக் கணிசமான பள்ளிகள் தெளிவாக முன்னேறின. 1995இல் நகரின் பள்ளி நிர்வாகம் மேயரின் கைக்குப் போனபோதும் அந்தக் கவுன்சில்கள் கலைக்கப்படவில்லை. கற்பிக்கும் முறையை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். வகுப்பறை ஒழுகுவதையும் பேருந்து வராததையும் கழிப்பறைக்குப் போகத் தயங்கி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளையையும் அறிய பட்டம் வேண்டாம். குவித்துப் போடும் வாக்கு குழப்பமானது என்றும் சொல்லப்படும். 1870இல் பர்மிங்ஹாமில் லிபரல் கட்சி 15 இடத்துக்கும் 15 பேரை நிறுத்தி வாக்குகளைச் சிதறடித்து 6 இடத்தில் மட்டும் வென்றது உண்மை. எல்லாவற்றையும் அள்ள நினைத்த பெரிய கட்சிதான் அங்கே இழந்தது; அதன் பேராசைக்குப் பள்ளிப் பிள்ளைகள் எந்த விலையும் கொடுக்கவில்லை. தன் பலத்துக்கேற்ற அளவில் வேட்பாளரை நிறுத்தப் பழகிவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை.

இதற்குப் புரட்சி எதுவும் தேவையில்லை. முதலில், நகராட்சி தன் தொடக்கக் கல்வி நிதியின் வரவையும் செலவையும் பள்ளிவாரியாக ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டட்டும். அடுத்து, மேலாண்மைக் குழுக்கள் மாற்றியமைக்கப்படும்போது, குவித்துப் போடும் வாக்கு முறையைச் சில நகரங்களில் சோதனையாக நடத்த பள்ளிக் கல்வித் துறை ஆணையிடட்டும். கொடையும் பெண்களின் கவனமும் பல சமயத்தார் ஒன்றாக வாழ்ந்த பழக்கமும் ஒருசேர இருக்கும் காயல்பட்டினம் அந்தச் சோதனைக்குத் தகுதியான ஊர். மூன்றாவதாக, நல மன்றங்கள் தாங்களாகவே முன்வந்து தங்கள் கல்விக் கொடையில் ஒரு பங்கைப் பெற்றோர் மன்றத்தின் முடிவுக்கு விடட்டும். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. இந்த மூன்றும் நடந்தால், மாநிலம் முழுக்க விரிக்கத் தக்க ஒரு முறை ஐந்து ஆண்டுகளில் நம் கையில் இருக்கும். பொதுப் பள்ளியை நம்பி இருப்பவர்களில் பெரும்பாலோர், வேறு எங்கும் பிள்ளையை அனுப்ப வழியில்லாதவர்கள். அந்தப் பள்ளி நன்றாக நடக்க வேண்டும் என்பதில் அவர்களைவிட அதிக அக்கறை வேறு யாருக்கும் இருக்க முடியாது. ஆகவே அந்தப் பள்ளியைப் பற்றிய முடிவில் முதல் வாக்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.